போர்வைக்குள் ஒரு தெரு: படக்கருவிகளின் கதையைப் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு வழிகாட்டி

முதல் ஆண்டு பெரிய தவறு செய்தேன். சார்ட் அட்டையில் கோடு போட்டு, மாய விளக்கு 1659, புகைப்படம் 1839, சினிமா 1895, தொலைக்காட்சி 1926 என்று வரிசையாக எழுதி, தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் ஒருவன் தண்ணீர் குடிக்க எழுந்து போனான். அவன் திரும்பி வரவில்லை. அவனைக் கூப்பிடப் போனவளும் வரவில்லை.

அடுத்த கோடை விடுமுறையில் சார்ட்டைச் சுருட்டிப் பரண் மேல் போட்டுவிட்டு, ஒரு செருப்புப் பெட்டியும் ஊசியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த முறை யாரும் எழுந்து போகவில்லை. அதிலிருந்து நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி ஒன்றுதான்: முதலில் சிக்கலைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், பிறகு கைவேலை, பெயரும் ஆண்டும் கடைசியில். கண்டுபிடித்தவர் எங்கே முட்டிக்கொண்டு நின்றாரோ, அதே இடத்தில் பிள்ளையும் ஒரு முறை முட்டிக்கொள்ள வேண்டும்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட ஐந்தாறு பேர் இருந்தால் நன்றாக இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு கருவி. பழைய அட்டைப்பெட்டிகள், கறுப்புத் துணி, அலுமினியத் தாள், பூதக்கண்ணாடி, டார்ச், ஈர்க்குச்சி, குண்டூசி, பசை, செல்லோடேப், ஒரு கட்டத்தாள் நோட்டு, கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு கைப்பேசி. இவ்வளவுதான் செலவு. கத்தி பிடிக்கும் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள்.

முதல் நாள்: ஓர் அறையை இருட்டாக்குங்கள்

தெருவைப் பார்த்த ஜன்னல் உள்ள அறை வேண்டும். ஜன்னலை அட்டையாலும் கறுப்புத் துணியாலும் முழுவதுமாக அடையுங்கள். கதவின் அடி இடுக்கில் துண்டைச் சுருட்டி வையுங்கள். இதில் சோம்பல் பட்டால் பலன் இல்லை; ஒரு கீற்று வெளிச்சம் கசிந்தாலும் படம் கரைந்துபோகும். அட்டையின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரே ஒரு வட்டத் துளை போடுங்கள். எதிர்ச்சுவர் வெள்ளையாக இல்லாவிட்டால் ஒரு வேட்டியைக் கட்டிவிடுங்கள்.

நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். ஜன்னல் மேற்குப் பார்த்தது என்றால் காலையில், கிழக்குப் பார்த்தது என்றால் மாலையில். எதிர்வீட்டு முகப்பில் வெயில் பளீரென்று விழ வேண்டும், நம் ஜன்னல் நிழலில் இருக்க வேண்டும். உள்ளே போனதும் எதுவும் தெரியாது. "ஒன்றுமே இல்லையே மாமா" என்பார்கள். ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும்.

எங்கள் வீட்டில் முதலில் தெரிந்தது ஒரு சிவப்பு. எதிர்வீட்டு மொட்டை மாடியில் காயப்போட்டிருந்த சேலை அது. சுவரின் அடியில், தலைகீழாக, நிறத்தோடு அசைந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகத் துலங்கின: தரையை நோக்கி நிற்கும் தென்னை மரம், கூரையோரமாக ஓடும் ஓர் ஆட்டோ, வலப்பக்கம் போவது போல் சத்தம் கேட்க இடப்பக்கம் போன ஒரு சைக்கிள். "கேமராவே இல்லை, வீடியோ ஓடுகிறது" என்று ஒரு பெண் இருட்டில் கிசுகிசுத்தாள். அதற்கு மேல் நான் எதுவும் பேசத் தேவைப்படவில்லை.

ஏன் தலைகீழ் என்ற கேள்வி தானாக வரும். வாயால் விளக்காதீர்கள். அட்டையில் ஒரு துளை போட்டு அதன் வழியே இரண்டு ஈர்க்குச்சிகளைச் செருகச் சொல்லுங்கள். ஒன்று மரத்தின் உச்சியிலிருந்து வருகிற வெளிச்சம், மற்றொன்று அடியிலிருந்து வருகிறது. சிறிய துளைக்குள் இரண்டும் நேராகப் போக வேண்டும் என்றால் குறுக்காக வெட்டிக்கொண்டுதான் போக முடியும். உச்சிக்குச்சி கீழே வந்து முடிகிறது. வெளிச்சம் நேர்கோட்டில் போகிறது என்ற பாடம் அங்கேயே முடிந்துவிட்டது.

இப்போது பெயர்களைச் சொல்லலாம். தலைகீழ்ப் படத்தைச் சீனாவின் பழைய சிந்தனையாளர் மோசியும் அவர் வழிவந்தவர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குறித்துவைத்தார்கள். ஏறக்குறைய 1000 ஆண்டுகளுக்கு முன், பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், இப்படித் துளைகளையும் விளக்குகளையும் வைத்துச் சோதித்து, ஒளியைப் பற்றி ஒரு பெரிய நூலே எழுதினார். 1604-இல் வானியலாளர் கெப்ளர் இதை 'கேமரா அப்ஸ்க்யூரா' என்று எழுதினார். இருண்ட அறை என்பது பொருள். கேமரா என்றால் லத்தீனில் அறை, அவ்வளவுதான். நம் சட்டைப்பையில் இருப்பதும் ஓர் அறையே; உட்காரத்தான் இடமில்லை.

அறை கிடைக்காதவர்கள் செருப்புப் பெட்டியில் செய்யலாம். ஒரு முனையில் சிறு சதுரம் வெட்டி அலுமினியத் தாளை ஒட்டி ஊசியால் குத்துங்கள். எதிர்முனையில் பெரிய சதுரம் வெட்டி, எண்ணெய் தடவிய வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். தலையோடு சேர்த்துப் போர்வையால் மூடிக்கொண்டு அந்தத் தாளைப் பாருங்கள். துளையைப் பெரிதாக்கினால் படம் வெளிச்சமாகும், ஆனால் தெளிவு போய்விடும். இந்தச் சங்கடத்தைப் பிள்ளைகளே கண்டுபிடித்த பிறகு, பெரிய துளையின் முன் பூதக்கண்ணாடியைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டுங்கள். லென்ஸ் எதற்கு என்று யாரும் இனி கேட்கமாட்டார்கள்.

ஓர் எச்சரிக்கை. பெட்டியை வைத்தோ வெறும் கண்ணாலோ சூரியனைப் பார்க்க விடாதீர்கள். சூரியனைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். வேப்ப மரத்தடியில் தரையில் விழும் வட்ட வட்டமான வெளிச்சப் பொட்டுகள் ஒவ்வொன்றும் சூரியனின் படம்தான். இலை இடுக்குகளே ஊசித்துளை. கிரகணத்தன்று அத்தனை பொட்டுகளும் பிறையாகிவிடும்.

இரண்டாம் நாள்: விளக்கைத் திருப்பிப் பிடியுங்கள்

இன்றைய கேள்வி: வெளியிலிருந்து வந்த வெளிச்சம் உள்ளே படம் போட்டதே, உள்ளே இருக்கும் படத்தை வெளியே போட முடியுமா?

கண்ணாடித்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். பின்னால் டார்ச், முன்னால் பூதக்கண்ணாடி, எதிரே சுவர். படத்துக்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் பளிச்சென்று விழும், தலைகீழாக. நேற்றுப் பார்த்தது அவர்களுக்கு நினைவிருக்கும். சொல்லாமலே தாளைத் திருப்பிச் செருகுவார்கள்.

1659-இல் நெதர்லாந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வரைந்த படங்கள் இருக்கின்றன: ஓர் எலும்புக்கூடு தன் மண்டையோட்டைக் கழற்றுகிறது, மறுபடி மாட்டிக்கொள்கிறது. மாய விளக்குக்காகச் செய்தவை. சனிக்கோளின் வளையத்தை விளக்கியவர், ஊசல் கடிகாரம் செய்தவர். இந்த விளையாட்டுப் பொருளுக்காகத் தன் பெயர் பேசப்படுவதில் அவருக்குக் கூச்சம். பிரெஞ்சு அரசவையில் காட்ட ஒன்று அனுப்பு என்று அப்பா கேட்டபோது, அது வேலை செய்யாதபடி ஒரு லென்ஸை எடுத்துவிடும்படி தம்பிக்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் இந்தக் கதையை மறக்கவே மாட்டார்கள்.

என் வயதுக்காரர்களுக்கு மாய விளக்கு வேறு உருவத்தில் பழக்கம். டூரிங் கொட்டகையின் பின்பக்கம் பொறுக்கிய பிலிம் துண்டு, ஃப்யூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பிய லென்ஸ், வாசல் வெயிலை உள்ளே திருப்பிவிட ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, திரைக்கு அப்பாவின் வேட்டி. பல்பின் வாயை உடைக்கும்போது கையைக் கிழித்துக்கொள்ளாதவர் குறைவு. ஆகையால் உங்கள் பிள்ளைகளுக்குப் பூதக்கண்ணாடியே போதும். கதையை மட்டும் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள்: வெயிலைக் கொண்டு ஓர் இலையைப் பிடியுங்கள்

இருட்டறைப் படத்தில் ஒரு வருத்தம் உண்டு. ஜன்னலைத் திறந்தால் போய்விடுகிறது. அதைப் பிடித்துவைப்பது எப்படி? மனிதர்கள் இந்தக் கேள்வியோடு பல நூறு ஆண்டுகள் நின்றிருந்தார்கள்.

நம் வீட்டில் பதில் இருக்கிறது. பள்ளிச் சட்டையில் சாம்பார் கறை பட்டால் அம்மா என்ன செய்வார்? துவைத்து நல்ல வெயிலில் போடுவார். மாலைக்குள் மஞ்சள் போய்விடும். வெயில் மஞ்சளைத் தின்னும். அதை வைத்தே படம் எடுக்கலாம்.

இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளை, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் கலக்கி, அரைமணி நேரம் விட்டு, தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், இதைப் பெரியவர் செய்யட்டும். கெட்டியான வெள்ளைத் தாளில் பிரஷ்ஷால் சீராகப் பூசி, இருட்டான இடத்தில் உலர்த்துங்கள். காய்ந்த தாளின் மேல் கறிவேப்பிலை ஈர்க்கு ஒன்றையோ முருங்கைக் கொத்து ஒன்றையோ வைத்து, மேலே கண்ணாடியால் அழுத்தி, உச்சி வெயிலில் வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலுக்கு இரண்டு மூன்று மணி நேரம் போதும். மார்கழியில் செய்தால் பொறுமை வேண்டும்.

இலையை எடுத்ததும் சுற்றிலும் வெளுத்து, இலை இருந்த இடம் மட்டும் மஞ்சளாக நிற்கும். காம்பு, இலை நுனி எல்லாம் தெரியும். விருப்பப்பட்டால் தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பெரியவர் ஒருவர் லேசாகத் தடவிப் பார்க்கலாம். ஆரத்தித் தட்டில் நடப்பது இங்கும் நடக்கும், மஞ்சள் சிவக்கும். இப்படிச் செடிச் சாற்றைப் பூசிய தாளில் வெயிலால் படமெடுக்கும் சோதனைகளை இங்கிலாந்தின் ஜான் ஹெர்ஷல் 1842-இல் வெளியிட்டார்.

அந்தப் படத்தைச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். சில நாட்களில் இலையும் மறையத் தொடங்கும். பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். நல்லது. இதே ஏமாற்றம்தான் 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் வெட்ஜ்வுட்டுக்கு. வெள்ளி உப்புப் பூசிய தாளில் அவருக்கு இலை நிழல்கள் கிடைத்தன, ஆனால் வெளிச்சத்தில் காட்டினால் முழுத் தாளும் கறுத்துவிடும். மெழுகுவத்தியின் மங்கலில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைக்க வேண்டியதுதான். படம் எடுப்பதைவிட, எடுத்ததை நிறுத்திவைப்பதே கடினமாக இருந்தது.

பிரான்சில் நீசெஃபோர் நியெப்ஸ், வெளிச்சம் பட்டால் இறுகிவிடும் ஒருவகைத் தாரை உலோகத் தகட்டில் பூசி, தன் வீட்டு மாடி ஜன்னலில் வைத்தார். ஆண்டு 1826 அல்லது 1827. கேமராவில் எடுத்து இன்றுவரை மிஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படம் அதுதான். எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் வெயிலைக் குடித்த தகடு. படத்தை அச்செடுத்துக் கொடுத்து, சூரியன் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இடப்பக்கச் சுவரிலும் வெயில், வலப்பக்கச் சுவரிலும் வெயில். காலையும் மாலையும் ஒரே படத்தில் ஏறிவிட்டன.

இன்னொரு படமும் அச்செடுங்கள். 1838-இல் லூயி டகேர் பாரிஸில் எடுத்த ஒரு தெரு. வண்டியும் மனிதருமாக நெரிசலான தெரு, படத்தில் காலியாகக் கிடக்கும். பல நிமிடம் திறந்திருந்த கேமராவில், நகர்ந்துகொண்டிருந்தவர் யாரும் பதியவில்லை. ஒரே ஒருவர் மட்டும் கீழ் மூலையில் நிற்கிறார்: செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கிவைத்து ஆடாமல் நின்றவர். புகைப்படத்தில் நமக்குத் தெரிந்தவரை முதலில் விழுந்த மனிதர், செருப்பைத் துடைத்துக்கொள்ள நின்றதால் விழுந்தார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளை விடுங்கள். பிறகு யார் அதிக நேரம் இமைக்காமல், சிரிக்காமல் உட்கார்கிறார்கள் என்று ஒரு போட்டி. பழைய படங்களில் தாத்தாக்கள் ஏன் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரியும்.

1839-இல் டகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கறுத்துப்போகாமல் நிறுத்தும் 'ஹைப்போ' உப்பைக் கொடுத்தவர் அதே ஹெர்ஷல். ஒரு படத்திலிருந்து பல பிரதி எடுக்கும் நெகட்டிவ் முறைக்கு 1841-இல் டால்பட் உரிமம் பெற்றார். 1888-இல் ஈஸ்ட்மன் 100 படம் எடுக்கும் பிலிம் சுருளோடு கோடாக் பெட்டியை விற்றார். இவற்றை இந்த வேகத்தில் சொல்லிக் கடந்தால் போதும். பிள்ளைகளின் கை அடுத்த வேலைக்குப் பரபரத்துக்கொண்டிருக்கும்.

நான்காம், ஐந்தாம் நாட்கள்: கண்ணை ஏமாற்றுங்கள்

இரண்டு வட்ட அட்டை வெட்டுங்கள். ஒன்றில் கூண்டு, ஒன்றில் கிளி. முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் ஈர்க்குச்சி இரண்டைச் சேர்த்துச் செருகுங்கள். மத்துக் கடைவது போல உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினால் கிளி கூண்டுக்குள் போய்விடும். 1825-இல் லண்டனில் ஜான் பாரிஸ் என்ற மருத்துவர் விற்ற பொம்மை இது. தாமட்ரோப் என்று பெயர்.

இதற்கெல்லாம் காரணம் 'பார்வை நிலைப்பு', கண்ணில் படம் கொஞ்ச நேரம் தங்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். கிளிக்கும் கூண்டுக்கும் அது சரி. இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஆனால் கலப்பது வேறு, அசைவது வேறு. கை தூக்கும் பொம்மையின் பத்துப் படங்கள் கண்ணில் தங்கினால் பத்துக் கை அல்லவா தெரிய வேண்டும்? தனித்தனிப் படங்களை இணைத்து ஓர் அசைவாகப் படிப்பது மூளை. 1912-இல் வெர்தைமர் என்ற உளவியலாளர் இதை ஆராய்ந்து எழுதினார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் பாடப்புத்தகம் பழைய பாட்டையே பாடுகிறது.

இதை நிரூபிக்க ஒரு தட்டு செய்யலாம். 20 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்ட அட்டை, 12 சம பாகம். ஒவ்வொரு கோட்டின் விளிம்பிலும் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு பிளவு. அகலம் கூடினால் கெட்டது. நான் முதல் முறை விரல் அகலத்துக்கு வெட்டி, வெறும் சாம்பல் புகையைத்தான் பார்த்தேன். பிளவுகளுக்கு இடையில் 12 படங்கள், ஒவ்வொன்றும் சற்றே மாறியது. துள்ளும் பந்து எளிது. பின்பக்கம் முழுவதும் கறுப்பு. நடுவில் குண்டூசி குத்தி, ரப்பர் வைத்த பென்சிலில் மாட்டுங்கள். படம் கண்ணாடியைப் பார்க்க, நீங்கள் பின்னாலிருந்து பிளவுகள் வழியே கண்ணாடியில் பாருங்கள். சுழற்றுங்கள்.

பந்து துள்ளும். இப்போது பிளவை விட்டுவிட்டு, தட்டுக்கு மேலாகக் கண்ணாடியை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் கரைந்து ஒரு வளையமாகிவிடும். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். மொத்தக் கதையின் முடிச்சு இதுதான். படம் ஓடிக்கொண்டே இருந்தால் அசைவு தெரியாது. ஒரு கணம் தெரிந்து, மறைந்து, அடுத்தது ஒரு கணம் தெரிய வேண்டும். இடையில் இருட்டு வேண்டும்.

1832-இல் பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளாட்டோவும் வியன்னாவின் சைமன் ஸ்டாம்ப்ஃபரும் ஒருவரை ஒருவர் அறியாமல் இதே தட்டைச் செய்தார்கள். பிளாட்டோ பின்னாளில் முழுவதும் பார்வை இழந்தார். தட்டை உருளையாக மாற்றினால் ஸோட்ரோப். 1834-இல் ஹார்னர் அதை எழுதிவைத்தார், முப்பது ஆண்டு கழித்துத்தான் கடைக்கு வந்தது.

மறுநாள் புரட்டுப் புத்தகம். சிறிய குறிப்பேட்டின் மூலையில், கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி வரைய வேண்டும். முந்தைய படம் அடியில் தெரிவதால் நகல் எடுப்பது எளிது. கட்டைவிரலால் புரட்டினால் ஒவ்வொரு பக்கமும் ஒரு கணம் நின்று விழும். பிளவின் வேலையை விரல் செய்கிறது. பர்மிங்ஹாமின் ஜான் லின்னெட் 1868-இல் இதற்கு உரிமம் பெற்றார். வரைய வராது என்று அழுகிற பிள்ளைக்கு, 1878-இல் மைபிரிட்ஜ் கலிஃபோர்னியாவில் 12 கேமராக்களை வரிசையாக வைத்து, ஓடும் குதிரை நூலை இடறும்போதெல்லாம் ஒன்று சொடுக்கும்படி செய்து எடுத்த படங்களை அச்செடுத்து வெட்டிக் கொடுங்கள். நான்கு காலும் தரையில் இல்லாத படம் எது என்று தேடட்டும். ஓவியர்கள் வரைந்தது போல முன்னும் பின்னும் நீட்டியிருக்காது. கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்.

ஆறாம் நாள்: தையல் இயந்திரத்தின் முன்னால்

பிளவின் வழியே பார்த்தபோது படம் மங்கலாக இருந்தது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். மெல்லிய பிளவு மிகக் கொஞ்சம் வெளிச்சத்தைத்தான் விடும். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் டிக்சன் உருவாக்கிய கினெட்டோஸ்கோப்பிலும் இதே குறை. 1894-இல் நியூயார்க்கில் அதற்குக் கடை திறந்தார்கள். பெட்டிக்குள் பிலிம் நிற்காமல் ஓடும், மேலே ஒரு பிளவு சுழலும், ஒரே ஆள் குனிந்து பார்க்கலாம். திருவிழாப் பயாஸ்கோப்புப் பெட்டி மாதிரி. அந்த வெளிச்சத்தைச் சுவரில் வீசி ஊருக்கே காட்ட முடியாது.

அப்படியானால் என்ன செய்யலாம்? பிள்ளைகளை இங்கே சற்றுத் தவிக்கவிடுங்கள். பிறகு தெருமுனைத் தையல்காரரிடம் கூட்டிப் போங்கள். முதலிலேயே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரம் போகாதீர்கள். அவர் சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்ற, துணியை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி நிற்கிறது. ஊசி மேலே போனதும் அடியில் இருக்கும் பல் துணியைக் கவ்வி ஒரு தையல் தூரம் தள்ளுகிறது. மறுபடி நிற்கிறது. எங்கள் தெருத் தையல்காரர் முப்பது ஆண்டாக மிதிக்கிறார்; "இதை நானே இன்றுதான் பார்க்கிறேன்" என்றார்.

லியோனில் புகைப்படத் தகடு தொழிற்சாலை நடத்திய குடும்பத்தின் பிள்ளை லூயி லூமியேருக்குத் தூக்கம் வராத ஓர் இரவில் தோன்றியது இந்த அசைவுதான். ஒரு கொக்கி பிலிமின் ஓட்டையில் நுழைந்து கீழே இழுக்கும், விலகும், பிலிம் நிற்கும், அப்போது மட்டும் வெளிச்சம் திறக்கும். இழுக்கும்போது மூடி மறைத்துவிடும். நின்ற படத்தின் மேல் முழு வெளிச்சமும் விழுவதால் திரை நிறையப் பிரகாசம். பிலிம் கொட்டகையில் நாம் கிட்டத்தட்ட பாதி நேரம் இருட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், அதற்கும் சேர்த்து டிக்கெட் வாங்கினோம்.

1895 டிசம்பர் 28-ஆம் தேதி, பாரிஸில் ஒரு காபிக்கடையின் கீழ்த்தளத்தில் லூமியேர் கருவியின் முதல் கட்டணக் காட்சி. டிக்கெட் ஒரு பிராங்க், வந்தவர்கள் 33 பேர், பத்துக் குறும்படங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 50 நொடி, நொடிக்கு 16 படம். மொத்தம் எத்தனை படம் என்று பெருக்கச் சொல்லுங்கள். ரயில் திரையில் வருவதைக் கண்டு மக்கள் அலறி ஓடினார்கள் என்ற கதையை மட்டும் சொல்ல வேண்டாம். அன்றைய பட்டியலில் ரயில் படமே இல்லை.

ஆறு மாதம் கழிந்த சில நாட்களில், 1896 ஜூலை 7-இல், அந்தக் கருவி பம்பாயின் வாட்சன் ஹோட்டலுக்கு வந்துவிட்டது. 1905-இல் திருச்சியில் ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியையும் படங்களையும் வாங்கிக்கொண்டு வேலையை விட்டார். ஊர் ஊராகக் கூடாரமடித்துப் படம் காட்டி, பிறகு கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பிள்ளைகளிடம் நிலப்படத்தைக் கொடுத்து, ரயில் பாதையோடு விரலை ஓட்டவிடுங்கள்.

ஏழாம் நாள்: புளியங்கொட்டை நடக்கட்டும்

கைப்பேசியை இரண்டு பாத்திரங்களுக்கு நடுவே அசையாமல் நிறுத்தி, தரையைப் பார்க்கவையுங்கள். புளியங்கொட்டைகளை வரிசையாக அடுக்கிப் பாம்பாக்குங்கள். ஒரு படம். எல்லாவற்றையும் ஒரு விரல்நுனி நகர்த்தி மறுபடி ஒரு படம். நொடிக்கு 12 படம் என்று கணக்கு வைத்தால், ஐந்து நொடிப் பாம்புக்கு 60 படம். இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாப் மோஷன் செயலி எதிலும் கோத்துவிடலாம். கை படத்துக்குள் வந்துவிடுவது, யாராவது கேமராவைத் தட்டிவிடுவது, மின்விசிறி நிழல் விழுவது, இந்த மூன்றும் கட்டாயம் நடக்கும். மின்விசிறியை மட்டும் முன்கூட்டியே நிறுத்துங்கள்.

பொறுமை உள்ள ஒரு பிள்ளையிடம் ஈரத்துணியில் முளைகட்டிய பச்சைப்பயறைக் கொடுத்து, தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படத்தை 1913-இல் எடுத்த தாதாசாகேப் பால்கே, அதற்குப் பணம் திரட்டும் முன் இதைத்தான் செய்தார். ஒரு பட்டாணி விதை முளைத்துக் கொடியாவதை நாளுக்கு ஒரு சட்டகமாக எடுத்துக் காட்டினார்.

எட்டாம் நாள்: படத்தைக் குரலால் அனுப்புங்கள்

கடைசிச் சிக்கல் கொஞ்சம் முரட்டுத்தனமானது. சுருளைத் தூக்கிக்கொண்டு போகாமல், ஒரு படத்தைக் கம்பி வழியாக இன்னொரு ஊருக்கு எப்படி அனுப்புவது? கம்பி ஒரு நேரத்தில் ஒரு சேதியைத்தான் சொல்லும்.

முதலில் கைப்பேசித் திரையின் மேல் ஊசிமுனையால் ஒரு பொட்டுத் தண்ணீர் வையுங்கள். திரையில் வெள்ளைப் பக்கம் இருக்கட்டும். துளிக்குள் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் தெரியும். வெள்ளை எங்கும் இல்லை. பூதக்கண்ணாடியை விட இது நன்றாகக் காட்டும்.

படத்தைப் புள்ளியாக உடைக்கலாம் என்று தெரிந்துவிட்டது. 1884-இல் பெர்லினில் மாணவராக இருந்த நிப்கோவ், சுருள் வடிவில் துளையிட்ட சுழல் தட்டு ஒன்று படத்தை வரி வரியாகத் தடவிப் படிக்கலாம் என்று உரிமம் எழுதினார். 1926 ஜனவரியில் ஜான் லோகி பேர்டு அந்தத் தட்டைக் கொண்டு லண்டனில் மனித முகத்தைக் காட்டினார், வெறும் 30 வரிகளில். அமெரிக்காவின் ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் சுழல் தட்டே வேண்டாம், எலக்ட்ரான் கற்றை வரி வரியாகப் போகட்டும் என்றார். ஐடஹோவில் 14 வயதில் உருளைக்கிழங்கு வயலை உழுதுகொண்டிருந்தபோது, சால் சாலாக ஓடும் மண்ணைப் பார்த்து அது தோன்றியதாம். 1927-இல், 21 வயதில், ஒரு நேர்கோட்டை அனுப்பிக் காட்டினார். சென்னையில் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல்.

அதே 1975-இல் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாஸன் பிலிம் இல்லாத கேமரா ஒன்றைக் கட்டினார். நீளத்தில் 100, அகலத்தில் 100 என்று 10,000 புள்ளிகள், ஒரு படத்தை கேசட்டில் எழுத 23 நொடி. அதற்கும் முன்னால், 1957-இல், ரஸல் கிர்ஷ் தன் கைக்குழந்தையின் புகைப்படத்தை 176-க்கு 176 கட்டமாகக் கணினிக்குள் ஏற்றியிருந்தார்.

உங்களுக்கு 16-க்கு 16 போதும். கட்டத்தாளில் ஒரு பிள்ளை யாருக்கும் காட்டாமல் கட்டங்களைக் கறுப்பாக்கிப் படம் வரையட்டும். இன்னொரு பிள்ளை அடுத்த அறையில் வெற்றுக் கட்டத்தாளோடு உட்காரட்டும். முதல் வரியின் இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, கறுப்புக்கு "ஒன்று", வெள்ளைக்கு "சுழி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மொத்தம் 256 சொல். வரி முடிந்தால் ஒரு கைதட்டு. அதை மறந்தால் என்ன ஆகும் என்று முன்னாலேயே சொல்லிவிடாதீர்கள்.

எங்கள் வீட்டில் அனுப்பப்பட்டது ஒரு பூனை. ஏழாவது வரியில் வாசலில் ஐஸ் வண்டி மணி அடித்தது, கேட்கிற பையன் இரண்டு சுழியைத் தவறவிட்டான், கைதட்டும் மறந்துபோயிருந்தது. அங்கிருந்து பூனையின் உடம்பு முழுவதும் இரண்டு கட்டம் தள்ளிப்போய், தலை ஓரிடத்தில், கழுத்து வேறிடத்தில். தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, அனுப்பிய சிறுமி மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு வரி முடிந்ததும் எத்தனை ஒன்று சொன்னேன் என்று கடைசியில் ஓர் எண்ணையும் சேர்த்துச் சொன்னால், தப்பு அங்கேயே தெரிந்துவிடும் இல்லையா மாமா?" என்று கேட்டாள். புதுக் கட்டத்தாள் எடுத்துக் கொடுத்தேன்.